தாய்வழி எலி

அந்த வருஷம் நான்கோலே மலையில் மரம் வெட்டத் தொடங்கியது மழை விட்ட கையோடா, மக்காச்சோளம் அறுத்து வீட்டுக்கு வந்த பிறகா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஃபலேசி ஒன்று சொன்னாள், டெம்வா வேறு சொன்னான். இருவரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. நான் அப்போது சோம்பாவில், பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தேன். பலாக்காவைத் தாண்டி இருக்கும் அந்த மலையிலிருந்து சோம்பாவுக்கு எந்தச் சத்தமும் வந்து சேராது. ஆனாலும் ரம்பம் ஓடும் சத்தத்தைக் கேட்டதாகவே என் நினைவு சொல்கிறது. ஆகவே நான் சொல்வதில் முன்பின் இருக்கலாம். எலியின் விஷயத்தில் மட்டும் இல்லை.

ஃபலேசி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வாளர். எலிகளைப் பற்றிப் படித்தவள். நான்கோலே மலை அவளுக்கு வெறும் ஆய்வுக்களம் இல்லை, அதன் அடிவாரத்தில் இருப்பது அவள் அம்மாவின் ஊர். அம்மாவின் ஊர் என்றால் அவளுடைய ஊர். அங்கே அப்படித்தான். கல்யாணம் ஆனால் ஆண் பெண்ணின் ஊருக்கு வந்து குடியேறுவான், பிள்ளைகள் தாய்மாமனின் பொறுப்பு. ஃபலேசியின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘நமக்வா’ மட்டும்தான் அப்பாவிடமிருந்து வந்தது. அதுவும் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்பதற்காகச் சேர்த்தது.

அதற்கு முந்திய வருஷம் ஒரு கல்குவாரி நிறுவனம் அந்த மலையைக் கேட்டது. மேல் சரிவில் பழைய காடு இருந்ததால், வேறெங்கும் இல்லாத உயிர் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அரசாங்கம் பல்கலைக்கழகத்தைக் கேட்டது. ஃபலேசிதான் போனாள். காட்டுக்குள் அவள் பொறிகளில் சாம்பல் நிறத்தில், அடர்ந்த மயிரும் குட்டை வாலுமாக ஒரு எலி விழுந்தது. கீழே வயல்களில் திரிகிற பழுப்பு எலியின் முகச்சாயல் இருந்தது, ஆனால் வேறு மாதிரியும் இருந்தது. அவள் அதன் மரபணுவைப் பார்த்தாள். வயலெலியின் மரபணுவும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. ‘இது வயலெலியின் மலைக்கூட்டம், தனி இனம் அன்று’ என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வரியை வைத்துத்தான் மலை குவாரிக்குப் போனது.

டெம்வா அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. வடக்கே, மாடு கொடுத்துப் பெண் எடுக்கிற டும்புக்கா ஜனங்களின் பிள்ளை. நாக்கு நீளம். ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு அலமாரிகளை நோட்டம் விட்டுக்கொண்டு வந்தவன் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் நின்றுவிட்டான். உள்ளே ஃபார்மலினில் அந்தச் சாம்பல் எலி மிதந்துகொண்டிருந்தது.

“இத வயலெலின்னு எழுதி ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“கண்ணு நல்லாத்தான தெரியும் உங்களுக்கு?”

“கண்ணால பாத்து எழுதல டெம்வா. மரபணு பாத்து எழுதினேன்.”

“எந்த மரபணு?”

“மைட்டோகாண்ட்ரியா.”

“அது அம்மா குடுக்கறது. சரி. அப்பா குடுத்தது?”

ஃபலேசி குடுவையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அவன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

“அடப்பாவிங்களா! தெக்கத்திக்காரங்க எலிக்கும் உங்க சட்டத்தையே போட்டுட்டீங்களா? அப்பன்னு ஒருத்தன் இருந்தானான்னு கூட விசாரிக்கலையே! எங்க ஊரா இருந்தா, மாடு ஓட்டிட்டுப் போயி பொண்ணு கட்டின மனுசன் வாசல்ல வந்து நின்னு கத்தியிருப்பான்.”

“சிரிக்காத.”

“சரி, சிரிக்கல. உட்கரு மரபணு பாக்கவே இல்லையா நீங்க?”

“தேவைப்படல” என்றாள் ஃபலேசி.

சொன்ன பிறகு அந்தச் சொல் அவள் வாயிலேயே தங்கிவிட்டது. அன்று பிற்பகல் முழுவதும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. உயிரணுவின் உட்கருவில் இருக்கும் மரபணு தாயும் தகப்பனும் சேர்ந்து கொடுப்பது. அதற்கு வெளியே மிதக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது தாய் மட்டும் கொடுப்பது, மகள் வழியாக மட்டும் போவது. நெருங்கிய எலி இனங்களுக்குள் இந்தத் தாய்வழி மரபணு ஆளை ஏமாற்றும் என்று அவளே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எப்போதோ ஒரு காலத்தில் இனம் விட்டு இனம் கலந்திருந்தால் உடம்பு ஒரு பக்கமும் தாய்வழி ஒரு பக்கமுமாக நிற்கும். இதெல்லாம் தெரிந்தும், தாய்வழி ஒன்றாக இருக்கிறது என்று கண்ட அந்த நிமிஷத்தில், அவளுக்குள் ஏதோ ஒன்று ‘போதும், தெரிந்துவிட்டது’ என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டது. அதைச் சொன்னது படிப்பு இல்லை.

அப்பா செத்தபோது அவள் சின்னப்பெண். அவருடைய ஊரிலிருந்து ஒரு லாரி வந்தது. உடம்பை எங்கள் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று அவருடைய தங்கைகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை யாரும் லாரியில் ஏறச் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. தூசி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து ன்சிமா, மக்காச்சோளக் களி, சாப்பிட்டார்கள். அது வருத்தமாகக்கூட இல்லை. முறை அதுதான். அந்த ஊரின் பெயர் இப்போது அவளுக்கு நினைவில்லை என்பது அன்றைக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் அவள் உறைபெட்டியைத் திறந்தாள். மலையெலிகளின் ஈரல் துண்டுகளை அதில்தான் வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எல்லாம் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி, குழாய்களுக்குள் பழுப்புத் தண்ணீராக நின்றது. முகர்ந்து பார்க்காமலே மூடினாள். குடுவைகளில் மிதந்தவை ஃபார்மலினில் ஊறியவை, அவற்றின் மரபணு எதற்கும் உதவாது. புதிய எலி வேண்டும்.

“அதுக்கென்ன, மலைதான் இருக்கே” என்றான் டெம்வா.

மலை இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கீழ்ச்சரிவு மொட்டையாகி இருந்தது. வெட்டிய அடிமரங்களின் மேல் பால் கசிந்து காய்ந்திருந்தது. மேலே போகும் பாதையில் ஒரு காவலாளி நின்றான், நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் விட முடியாது என்றான். ஃபலேசி கெஞ்சினாள். அவன் அவளுடைய ஊர்க்காரன்தான், தூரத்து உறவும்கூட. “அக்கா, மாசம் பொறந்தா சம்பளம் வருது அக்கா” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. கடைசியில், காடு மிச்சமிருந்த ஓரத்தில் மட்டும் பொறி வைக்க விட்டான். வேர்க்கடலையும் கருவாட்டுத் தூளும் பிசைந்து வைத்தார்கள். விடிந்து பார்த்தால் எல்லாப் பொறியும் காலி. அடுத்த நாளும் காலி. வெட்டும் சத்தம் கேட்கிற இடத்தில் எந்த எலி நின்று தின்னும்?

பொறிகளைச் சாக்கில் கட்டி மினிபஸ்ஸில் ஏறினார்கள். ஃபலேசி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தாள். டெம்வாகூடப் பேசவில்லை. அவனுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பயணம் புரியும்.

அடுத்த திருப்பத்தில் பஸ் வேகம் குறைந்ததும் வழக்கம்போல் எலி விற்கிறவர்கள் ஓடி வந்தார்கள். பிளந்த குச்சிக்கு நடுவே வரிசையாகச் சொருகி, இரண்டு முனையும் நாரால் கட்டிய எலிகள். உப்புத் தண்ணீரில் அவித்து, மயிரோடு வெயிலில் காயவைத்தவை. ஒருத்தி தன் குச்சியை ஃபலேசியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“அக்கா, எலி அக்கா! கொழுத்த எலி! ஒரு குச்சி வாங்கிட்டுப் போங்க, வீட்டுக்காரர் உங்கள விட்டு நகரமாட்டாரு!”

பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெரியவர் தன் வெள்ளை அங்கியை இழுத்துக்கொண்டார். “வாங்கறதா இருந்தா எம்மேல படாம வாங்கும்மா. இப்பதான் தொவச்சது.”

ஃபலேசி அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிற வயிறு. அவித்தும் அடங்காத அடர்ந்த மயிர். குட்டை வால், குட்டை வால், குட்டை வால்.

“வண்டிய நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. “பசி போல!” என்றார் யாரோ பின்னாலிருந்து. டெம்வா அதற்குள் சாக்கோடு கீழே குதித்துவிட்டான்.

எலுபே என்று தன் பெயரைச் சொன்னாள் அந்தப் பெண். முதுகில் துணியில் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்ததையெல்லாம் ஃபலேசி கேட்டாள்.

“எல்லாமா? வீட்டுல கல்யாணமா?”

“இது எங்க புடிச்சது?”

“எலி வாங்கறவங்க ஊர் பேரெல்லாம் கேப்பாங்களா? நீங்க போலீஸா?”

“போலீஸ் இவ்வளவு மெலிஞ்சா இருப்பாங்க?” என்றான் டெம்வா. “அக்கா, இவங்க எலி டாக்டர். செத்த எலிக்கு வைத்தியம் பாப்பாங்க.”

எலுபே சிரித்துவிட்டாள். “நான்கோலே மலைதான். எங்க வீட்டுக்காரர் அங்கதான் போறாரு.”

“இவ்வளவு எப்படிக் கெடச்சுது?” ஃபலேசியின் குரலில் சந்தோஷம் ததும்பியது. இத்தனை மலையெலிகளை அவள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. “இது சுலபமாச் சிக்காத எலியாச்சே?”

“முன்னல்லாம் அப்படித்தான் அக்கா. நாள் பூரா தோண்டினா ஒண்ணு ரெண்டு வரும். இப்பத் தோண்டவே வேணாம். மரம் சாய்ஞ்சா அதுவே வெளிய ஓடியாருது, போக எடம் தெரியாம அங்கயே சுத்துது. குச்சியால ஒரு தட்டு, அவ்வளவுதான். இந்த வருசம் கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு.”

ஃபலேசி குச்சிகளை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஏறவில்லை. டெம்வா அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எலுபேவுக்கு அது புரியவில்லை. பணம் போதாதோ என்று நினைத்து, “சேத்து வாங்கறீங்க, கொறச்சே தர்றேன்” என்றாள்.

அவிக்காத எலி ஒன்று எடுத்துவைக்கும்படி எலுபேயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள், அது வந்து சேரவில்லை. அவித்த எலியிலிருந்து உட்கரு மரபணுவை எடுப்பது என்பது, சாம்பலைக் கிளறிக் கடிதத்தைப் படிக்கிற மாதிரியான வேலை. தாய்வழி மரபணு ஓர் உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், எப்படி அவித்தாலும் ஏதாவது ஒன்று பிழைத்திருக்கும். உட்கருவோ ஒன்றே ஒன்று. அதில் தாய் கொடுத்த ஒரு பிரதி, தகப்பன் கொடுத்த ஒரு பிரதி. கொதிநீர் அதைத் துண்டு துண்டாக நறுக்கியிருக்கும்.

“பல்லுக்குள்ள இருக்கும்” என்றான் டெம்வா. “பல்லு லேசுல வேகாது. நீளமா இழுக்க வேணாம், சின்னச் சின்னத் துண்டாப் புடிப்போம். பத்துத் துண்டு சேந்தா ஒரு வார்த்தையாவது வராதா?”

கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள், கழுவினார்கள், பொடித்தார்கள். உப்பு போகிறவரை அலசினார்கள். பொடியைக் கரைத்து மரபணுவைப் பிரித்து, அதைப் பெருக்கும் இயந்திரத்தில் வைத்தார்கள். இயந்திரம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. பெருக்கு நின்றுவிட்டால் அந்தக் குழாயில் இருப்பது கழிநீர். மறுபடி பொடித்தார்கள். மறுபடி போயிற்று. ஒரு முறை முழுவதும் ஓடி முடிந்தது, பார்த்தால் ஒன்றும் பெருகி ஒட்டியிருக்கவில்லை. இன்னொரு முறை ஏதோ ஒட்டியிருந்தது, அது டெம்வாவின் கையிலிருந்து கலந்த அவனுடைய மரபணு.

“பாருங்க, நானும் மலையெலிதான்” என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. எலிகளும் தீர்ந்துகொண்டே வந்தன. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம், பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. வெட்டு எதுவரை வந்திருக்கிறது என்று ஃபலேசி கேட்பாள். அத்திமரம் வரைக்கும் என்பாள் அம்மா. அடுத்த முறை, சுனை வரைக்கும். ஒரு நாள் கரண்ட் போய் விசிறியும் விளக்கும் நின்றுபோன கூடத்தில், செத்துக் கிடந்த இயந்திரத்தின் மேல் ஃபலேசி கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

முடிவில் ஒட்டியது. ஒன்றல்ல, பல எலிகளில், பல துண்டுகள். சந்தையில் வாங்கிய வயலெலிகளின் துண்டுகளையும் சேர்த்து, மரபணுவின் எழுத்துகளைப் படிப்பதற்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது டெம்வா கணினியின் முன்னால் எழுந்து நின்றுவிட்டான்.

“அம்மா மட்டும்தான் கீழேருந்து வந்தவ” என்றான். “மத்ததெல்லாம் மலை.”

எந்தத் துண்டைப் பார்த்தாலும் மலையெலி தனியாகவே நின்றது. வயலெலிக்கும் அதற்கும் இடையில் மிகப் பெரிய தூரம் இருந்தது. மழை இல்லாத ஏதோ ஒரு பழைய காலத்தில் வயலெலிகளில் சில பெட்டைகள் மேலே ஏறியிருக்க வேண்டும். மலையின் ஆண் எலிகளோடு கூடிப் பெற்றிருக்க வேண்டும். அந்த மகள்களும் மலை ஆண்களோடு, அவற்றின் மகள்களும் அப்படியே. வந்தவளின் உடம்பு தலைமுறைக்குத் தலைமுறை கரைந்து, கடைசியில் தாய்வழி என்கிற ஒரு மெல்லிய நூல் மட்டும் மிஞ்சியது. ஃபலேசி பிடித்தது அந்த நூலை. அதைப் பிடித்துக்கொண்டு, ‘இது வயலெலி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மாவட்ட அதிகாரி ஊரிலேயே ஒரு விசாரணை வைக்க ஒப்புக்கொண்டார். வேலையை நிறுத்துவதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்வதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். ஆண்கள் நாற்காலிகளில், பெண்கள் தரையில் கால் நீட்டி. அதிகாரிக்குப் பக்கத்தில் ஊர்த்தலைவர் வைசோனி உட்கார்ந்திருந்தார். ஃபலேசியின் தாய்மாமன். மலையைக் கொடுக்கச் சம்மதம் சொன்னவர் அவர்தான். அதை ஆசைக்காகச் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. ஜோஹன்னஸ்பர்க்கில் போய்த் தொலைந்துபோன பையன்களின் பெயர்களை அவர் விரல் மடக்கிச் சொல்லுவார். குவாரி வந்தால் மிச்சமிருக்கிறவர்களாவது ஊரில் நிற்பார்கள் என்று நினைத்தார். அதற்கும் முன்னால், மலையில் தனியாக எதுவும் இல்லை என்று அக்காள் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள் அல்லவா.

ஃபலேசி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் தான் பாதியைத்தான் பார்த்ததாகவும், மீதிப் பாதியை இப்போது பார்த்திருப்பதாகவும் சொன்னாள். இந்த எலி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றாள். காட்டில் மிச்சம் இருப்பதையாவது விட்டுவிடுங்கள் என்றாள். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

வைசோனி கையை உயர்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பாப்பா. நான் படிக்காதவன். அந்த எலியோட அம்மா யாரு?”

“மாமா, அது வந்து, ரொம்பக் காலத்துக்கு முன்னாடி…”

“யாருன்னு சொல்லு.”

“வயலெலி.”

“அவளோட அம்மா?”

“வயலெலிதான். ஆனா மாமா—”

“அவளோட அம்மா?”

ஃபலேசி கையில் இருந்த காகிதத்தை மடித்தாள்.

“அப்ப அது வயலெலி” என்றார் வைசோனி. கூட்டம் கைதட்டியது. ஏளனமாக இல்லை. சிக்கலான ஒன்றைப் பெரியவர் எளிதாக அவிழ்த்துவிட்டார் என்கிற நிம்மதியில் தட்டினார்கள். தரையில் இருந்த பெண்களும் தலையாட்டினார்கள்.

டெம்வா எழுந்தான். “ஐயா, உடம்பு பூரா அப்பன் வழி ஐயா! எங்க ஊர்ல இதக் கேட்டா—”

“உங்க ஊர்லயா? அப்ப எலிய உங்க ஊருக்கே கூட்டிட்டுப் போ தம்பி!” என்றாள் ஒரு கிழவி. “எத்தன மாடு குடுப்பே?”

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

வைசோனி சிரிக்கவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கப்பன் நல்ல மனுசன். எங்கேருந்தோ வந்தாரு, இங்க பொழைச்சாரு, போய்ச் சேந்தாரு. ஒரு குத்தம் சொல்லமாட்டேன். இப்ப நீ சொல்லு. இந்தக் கூட்டத்துல நின்னு பேசறியே, நீ யாரு? அவரு ஊர்க்காரியா, இந்த ஊர்க்காரியா?”

அதற்கு அவள் என்ன பதில் சொன்னாலும் தோற்றதுதான். இரண்டும் நான் என்று சொன்னால், அந்த நிமிஷமே அவள் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிற வந்தேறி. வந்தேறிக்கு அந்த மலையைப் பற்றிப் பேச உரிமை இல்லை. தாயின் மகளாக நின்றால் மட்டும்தான் பேச முடியும். தாயின் மகளாக நின்றால் எலி வயலெலி.

வெளியே ஏதோ ஒரு லாரி மரம் ஏற்றிக்கொண்டு போனது.

“இந்த ஊர்க்காரி” என்றாள் ஃபலேசி.

“அவ்வளவுதான்” என்றார் வைசோனி, மிக மெதுவாக.

நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதாகவும், முந்திய அறிக்கையே செல்லும் என்றும் அதிகாரி முடிவு சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபலேசி மாமாவின் பின்னாலேயே நடந்தாள். அவர் வீட்டுக்குப் போகவில்லை, மலைத்தோளில் இருக்கும் இடுகாட்டுத் தோப்பின் பக்கம் போனார். ஊரின் செத்தவர்களெல்லாம் அங்கேதான். அந்த மரங்களில் கை வைக்க எந்தக் காலத்திலும் யாரும் துணிந்ததில்லை. சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார்கள். எலி பிடிக்கிறவர்களும் அந்த எல்லையில் திரும்பிவிடுவார்கள். குவாரிக்காரர்களும் அதை மட்டும் விட்டுவைப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் மொட்டைச் சரிவு. நடுவில் அது ஒன்றுதான் இருட்டாக நின்றது.

எல்லைக்கல்லின் அருகில் அவர் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

“மாமா, உள்ள பொறி வைக்கணும்.”

அவர் தோப்பைப் பார்த்தார்.

“ஒரே ஒரு ராத்திரி. உயிரோட ஒண்ணு கெடச்சாக்கூடப் போதும். காட்டுல இருந்ததெல்லாம் போச்சு. மிச்சம் இருந்தா இங்கதான் இருக்கும்.”

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

“கால்ல விழறேன் மாமா.” விழவும் செய்தாள்.

அவர் அவளைத் தூக்கவில்லை. கைத்தடியின் நுனியால் மண்ணில் எதையோ கீறிக்கொண்டிருந்தார். வெயில் தோப்பின் அந்தப் பக்கத்துக்குப் போயிற்று.

“உங்க பாட்டி அதுக்குள்ள இருக்கா” என்றார் கடைசியில். “எங்கண்ணன் இருக்கான். அவங்க நடுவுல பொறி வைக்கறதா? நான் விட்டாலும் நாளைக்கு இந்த ஊர் என்னை அங்க படுக்க விடாது.”

“அப்ப அது இருக்கா இல்லையான்னு தெரியாமலே போயிடும்.”

“போகட்டும்.”

பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: “போன சாவுக்கு வந்தப்ப கால்கிட்ட ஒண்ணு ஓடிச்சு. சாம்பலா இருந்த மாதிரிதான் இருந்தது.”

அவள் தலையைத் தூக்கினாள். “வாலு? வாலு குட்டையா மாமா?”

“நான் வாலப் பாக்கல பாப்பா. குழியப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. மரம் வெட்டி முடிந்து வெடி வைக்கத் தொடங்கினார்கள். நான்கோலே மலையின் மேல்பாதி இப்போது இல்லை. வைசோனி அடுத்தடுத்து வந்த இரண்டு மழைக்காலங்களைத் தாண்டவில்லை. அவரை அந்தத் தோப்பில்தான் புதைத்தார்கள். ஃபலேசி நின்றது பெண்களின் நடுவில். முழு நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னார்கள். டெம்வா வடக்கே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போனான், மாடு கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டான். எலுபே இப்போது அதே திருப்பத்தில் தக்காளி விற்கிறாள். எலி கிடைப்பதில்லை என்கிறாள். அவளுடைய கணவன் குவாரியில் கல் உடைக்கிறான். ஃபலேசியும் டெம்வாவும் எழுதியதை வெளிநாட்டு ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள். மலையெலி தனி இனம் என்று பெயரும் வைத்தாயிற்று. அந்த இனத்தின் மரபணுவுக்குச் சாட்சியாகப் பல்கலைக்கழக அலமாரியில், ஃபார்மலின் குடுவைகளுக்குப் பக்கத்தில் இருப்பது, பல் பிடுங்கிய, உப்புப் பூத்த, பிளந்த குச்சியில் சொருகிய சில எலிகள். உயிருள்ள ஒன்றை அதற்குப் பிறகு யாரும் பிடிக்கவில்லை. ஃபலேசி இன்னும் சோம்பாவில் பாடம் நடத்துகிறாள். இடுகாட்டுத் தோப்பு அப்படியே இருக்கிறது. அதற்குள் இன்றுவரை ஒருவரும் பொறி வைக்கவில்லை.